பிடிலுக்குத் தடையில்லாச் சான்று

இலக்கியமும் இசையும் ஒரே மனிதருக்குள் குடியேறும்போதெல்லாம் மனித நாகரிகம் ஒரு படி மேலே ஏறுகிறது என்று பெரியவர்கள் மேடையில் சொல்வதுண்டு. இந்தக் கதையில் அப்படி ஒருவருக்குள் இரண்டும் குடியேறின. நாகரிகம் ஏறியதாகத் தகவல் இல்லை. ஒரு விசாரணைக் குழு மட்டும் அமைக்கப்பட்டது.

அந்த ஒருவர் ஒரு கல்லூரியில் இலக்கிய விரிவுரையாளர். பகலில் கவிதை நடத்துவார். மாலையில் ஊர் இசைக்குழுவில் வயலின் வாசிப்பார். கல்லூரியில் அவருக்குப் பெயர் பிடில்காரர். இசைக்குழுவில் வாத்தியார். பாடத்தில் தடுமாறினால், "பாவம், பிடில்காரர்தானே" என்று கல்லூரி மன்னித்தது. வில் தடுமாறினால், "பாவம், வாத்தியார்தானே" என்று இசைக்குழு மன்னித்தது. இரண்டு இடத்திலும் யாரும் அவரிடம் பெரிதாக எதையும் எதிர்பார்க்காததால் வாழ்க்கை நிம்மதியாகவே ஓடிக்கொண்டிருந்தது.

இசைக்குழுவில் அவருடைய நாற்காலி கடைசி வரிசையில், மண்டபத் தூணுக்குப் பின்னால். பார்க்க வந்தவர்களுக்கு அவருடைய வலது முழங்கை மட்டும் அவ்வப்போது தெரியும். பல் மருத்துவரான அவர் மனைவி ஒரு கச்சேரி விடாமல் வந்து அந்த முழங்கையைப் பார்த்துவிட்டுப் போவார். "இன்னைக்கு முழங்கை நல்லா வாசிச்சுது" என்பார், வீட்டுக்குத் திரும்பும் வழியில்.

முதல் வயலின்காரர் வேலை மாற்றலாகி வேறு ஊருக்குப் போனார். இசைக்குழுத் தலைவர் வந்து, "வாத்தியாரே, அடுத்த சனிக்கிழமை தனி வாசிப்பு நீங்கதான். வேற ஆள் கிடைக்கலை" என்றார். விரிவுரையாளருக்குக் கால் தரையில் பாவவில்லை. மனைவியிடம் செய்தியைச் சொன்னபோது கடைசி வாக்கியத்தை மட்டும் விட்டுவிட்டார்.

"தூணுக்கு முன்னாலயா?" என்று கேட்டார் மனைவி.

"முன்னாலதான். நடு மேடையில. நின்னுக்கிட்டு."

"அப்ப முழுச் சட்டையையும் தேய்க்கணுமே. இத்தனை நாள் வலது கையை மட்டும் தேய்ச்சுப் போட்டுக்கிட்டிருந்தீங்க."

சொல்லிவிட்டு அவர் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டதை விரிவுரையாளர் பார்த்தார். என்ன ஆனாலும் அந்தச் சனிக்கிழமை வாசித்தே தீர வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டார்.

வினை சுவரொட்டி வடிவில் வந்தது. கச்சேரிக்கு விளம்பரம் அடித்தவர்கள் அதைக் கல்லூரி வாசலுக்கு எதிர்ச்சுவரில் ஒட்டினார்கள். அந்த இடத்தில் ஏற்கெனவே கல்லூரிச் சேர்க்கை விளம்பரம் ஒன்று இருந்தது. அதில் முதல்வரின் முகம் ஆளுயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தது. இப்போது முதல்வரின் நெற்றியும் கண்களும் மட்டும் மிச்சம். கண்களுக்குக் கீழே விரிவுரையாளர் வயலினோடு நின்றார். தூரத்திலிருந்து பார்த்தால், முதல்வர் ஒரு பிடில்காரரைக் கடித்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

மறுநாள் காலையில் 'ஒரு ஊழியர், ஒரு தொழில்' என்ற புதிய விதி அறிவிப்புப் பலகையில் ஏறியது. மாலைக்குள் அதைக் காப்பாற்றப் பன்முகத் திறமை ஒழுங்குபடுத்தும் குழு தோன்றிவிட்டது. உறுப்பினர்கள் மூவர்: முதல்வர், இயற்பியல் துறைத்தலைவி, அலுவலகக் கண்காணிப்பாளர். ஒழுங்குபடுத்த வேண்டிய பன்முகத் திறமையாளர் ஒருவரே.

முதல்வர் அறையில் வருகிறவர்களுக்கென்று ஒரு தாழ்ந்த நாற்காலி உண்டு. அதில் உட்கார்ந்தால் மேசைக் கண்ணாடியின் விளிம்பு மூக்குக்கு நேராக வரும். விரிவுரையாளர் உட்கார்ந்தார். மேசைக்கு மேல் மூன்று முகங்கள் உதித்திருந்தன.

"நான் இசைக்கு எதிரி இல்லை" என்று தொடங்கினார் முதல்வர். "என் கார்லயே ரேடியோ இருக்கு. அதை நான் போடறது கிடையாது, அது வேற விஷயம். ஆனா ஒரு ஆசிரியர் சாயங்காலம் சந்தோஷமா இருந்தார்னா, அதுல கொஞ்சம் மிச்சம் மறுநாள் காலையில வகுப்புக்கு வந்துடுது. சார் ஏன் சிரிக்கறார்னு பசங்க கேப்பாங்க. கல்லூரி என்ன பதில் சொல்லும்?"

இயற்பியல் துறைத்தலைவி ஒரு சிறிய கருவியை மேசைமேல் வைத்தார். "ஒலிங்கறது காத்துல நடக்கற தொந்தரவு. அதை இதுல அளக்கலாம்."

"அளந்து என்ன மேடம் செய்யறது?" என்று கேட்டார் விரிவுரையாளர்.

"அளந்துட்டா, அளந்தாச்சுன்னு ஆயிடும்."

கண்காணிப்பாளர் நல்ல மனிதர். எந்த விதியையும் வருத்தத்தோடுதான் படிப்பார். "சார், விதி இவ்வளவுதான். ஒருத்தருக்கு ரெண்டு வேலை தெரிஞ்சா, எது நல்லா வருதோ அது தொழில். நல்லா வராதது பொழுதுபோக்கு. பொழுதுபோக்குக்குக் கல்லூரி குறுக்க நிக்காது. குழு உங்க பாடத்தை ஒரு நாள் கேக்கும், பிடிலை ஒரு நாள் கேக்கும். பாடம் ஜெயிச்சா உங்களுக்குத் தடையில்லாச் சான்று. சனிக்கிழமை தாராளமா வாசிக்கலாம்."

"பிடில் ஜெயிச்சா?"

"அப்ப பாடம் பொழுதுபோக்கு ஆயிடும் சார். பொழுதுபோக்குக்குச் சம்பளம் கொடுக்கற வழக்கம் நம்மகிட்ட இல்லையே."

விரிவுரையாளர் மேசை விளிம்புக்கு மேல் எட்டிப் பார்த்தார். "எது நல்லா இருக்குன்னு சொல்ல, குழுவுக்கு இசை தெரியுமா?"

"தெரியாது" என்றார் முதல்வர் பெருமையாக. "அதனாலதான் நடுநிலையா இருக்க முடியும்."

"இலக்கியம்?"

"அதுவும் தெரியாது. ரெண்டு பக்கமும் சமமான நடுநிலை."

வீட்டில் நடந்ததைச் சொன்னதும் மனைவி சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்தார். "அந்த விதிப்படி பார்த்தா உங்க முதல்வருக்கு எல்லாமே பொழுதுபோக்குதானே. எதுதான் அவருக்கு நல்லா வருது?"

"நீ சிரி. எனக்கு வேலையே போயிடும் போல இருக்கு."

"எதுக்குப் போகுது? பாடத்தை நல்லா நடத்துங்க. பிடிலைக் கெட்டுப்போக வாசிங்க. இதுல என்ன கஷ்டம்?"

கஷ்டம் இருந்தது. பல வருடங்களாக நன்றாக வாசிக்கப் பழகிய கை கெட்டுப்போக மறுத்தது. விரிவுரையாளர் எவ்வளவு முரட்டுத்தனமாக இழுத்தாலும் நடுவில் ஒரு நல்ல சுரம் எட்டிப் பார்த்துவிடும். "பாருங்க, மறுபடியும் இனிமையா வருது" என்று மனைவி கண்டித்தார். வீட்டின் முன்னறையில்தான் அவருடைய பல் மருத்துவமனை. நோயாளியின் வாய்க்குள் கையை வைத்துக்கொண்டே உள்ளறைக்குக் குரல் கொடுப்பார். "இன்னும் கொஞ்சம் கர்ணகடூரமா. என் துளைபோடற மெஷினை நினைச்சுக்கோங்க." பல்லைப் பிடுங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஒருவர், வாசிப்பைக் கேட்டுவிட்டு, "பிடுங்கிடுங்க டாக்டர், நான் சீக்கிரம் கிளம்பணும்" என்றார்.

கடைசியில் வழி கிடைத்தது. தனி வாசிப்பின் உச்சியில் நீளமான ஒரு சுரம் வரும். அதை விரல் எட்டிப் பிடித்ததும், படியில் கால் இடறியதுபோல் சர்ரென்று கீழே வழுக்க விட்டுவிட வேண்டும். மனைவி துளைபோடும் கருவியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். "இதான். எனக்கே பல் கூசுது. இதையே வெச்சுக்கோங்க." விரிவுரையாளர் அந்த வழுக்கலை விடாமல் சாதகம் செய்தார்.

முதலில் பாடத்துக்கான சோதனை வந்தது. குழு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தது. முதல்வருக்கு மேசைக்குள் வயிறு நுழையாததால் பக்கவாட்டில் உட்கார்ந்தார். விரிவுரையாளர் தனக்கு மிகவும் பிடித்த கவிதையை எடுத்தார். ஒரு பெண் கதவுக்குப் பின்னால் நின்று ஒருவனுக்காகக் காத்திருக்கிறாள், அவன் வரவில்லை, அவ்வளவுதான் கவிதை. பாடம் சூடு பிடித்த நேரத்தில், முன்வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்தாள்.

"சார், கதவு பூட்டியிருந்துச்சா?"

"ஏம்மா?"

"ஒருவேளை அவன் வந்து, பூட்டியிருக்குன்னு திரும்பிப் போயிருந்தா?"

விரிவுரையாளர் கவிதையை மறுபடி படித்தார். பிறகு மேலே பார்த்தார். "எனக்குத் தெரியலைம்மா. இத்தனை வருஷமா நடத்தறேன், இதை நான் யோசிச்சதே இல்லை."

அவ்வளவுதான், வகுப்பு பற்றிக்கொண்டது. பூட்டியிருந்தாள் என்று ஒரு பக்கம், இல்லை என்று ஒரு பக்கம். "வந்தவன் தட்ட மாட்டானா, கையில என்ன சுளுக்கா?" என்று ஒருவன் கேட்க, வகுப்பே சிரித்தது. மணி அடித்த பிறகும் யாரும் எழுந்து போகவில்லை. தன் வாழ்நாளில் நடத்திய மிகச் சிறந்த பாடம் இதுதான் என்ற பூரிப்போடு விரிவுரையாளர் கடைசி பெஞ்சைப் பார்த்தார். மூன்று முகங்களும் சாவு வீட்டுக்கு வந்தவைபோல் இருந்தன.

"ஆசிரியருக்குப் பதில் தெரியலை" என்றார் முதல்வர், தாழ்வாரத்தில். "தெரியலைன்னு அவரே ஒத்துக்கறார். எல்லார் முன்னாலயும்."

"சிரிப்புச் சத்தம் கருவியோட எல்லையைத் தாண்டிடுச்சு" என்றார் துறைத்தலைவி.

"மணி அடிச்சும் பசங்க வெளியில வரலை சார்" என்றார் கண்காணிப்பாளர் வருத்தமாக. "ஒழுங்கு நடவடிக்கை விஷயம் அது. நான் எழுதிக்கலை. உங்களுக்காக."

இனிமேல் எல்லாம் பிடிலின் கையில். எவ்வளவு கேவலமாக முடியுமோ அவ்வளவு கேவலமாக வாசித்தாக வேண்டும். மறுநாள் முதல்வர் அறையில் விரிவுரையாளர் வயலினைத் தோளில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். வில் தந்தியைப் பிராண்டியது. ஜன்னலில் இருந்த புறா எழுந்து போனது. உச்சிச் சுரத்தில் விரல் ஏறியது, சர்ரென்று வழுக்கியது. இதைவிட மோசமாக மனிதக் கையால் முடியாது என்ற திருப்தியோடு கண்ணைத் திறந்தார்.

முதல்வர் அழுதுகொண்டிருந்தார்.

"அந்த ஒரு இடம்" என்றார், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "சர்ருன்னு ஒண்ணு வந்துதே. எனக்கு என்னமோ பண்ணிடுச்சு. எங்க அப்பா மாடிப்படியில விழுந்தது ஞாபகம் வந்துடுச்சு."

"கேக்கவே முடியலை" என்றார் துறைத்தலைவி. "கேக்க முடியாத அளவுக்கு இருந்தா அது உயர்ந்த சங்கீதம்தான். சுலபமா இருக்கறதை எல்லாரும் கேட்டுடுவாங்களே."

"ஐயா, நான் மோசமா வாசிச்சேன்" என்றார் விரிவுரையாளர். "நிஜமாவே மோசம்."

"அந்த அடக்கம் இருக்கே" என்று முதல்வர் மற்ற இருவரையும் பார்த்தார். "தொழில்காரனுக்குத்தான் அது வரும். பொழுதுபோக்குக்காரன் நல்லா வாசிச்சேன்னுதான் சொல்லுவான்."

தீர்ப்பு தெளிவாக இருந்தது. பிடில் தொழில், பாடம் பொழுதுபோக்கு. விரிவுரையாளர் தாழ்ந்த நாற்காலியில் மேலும் தாழ்ந்தார். வேலையை விட வேண்டும், இல்லையேல் சனிக்கிழமையை விட வேண்டும். அவர் கண்ணுக்கு முன்னால் அந்தத் தூண் மறுபடி எழுந்து நின்றது.

அப்போது கண்காணிப்பாளர் தொண்டையைச் செருமினார். "ஐயா, மறுபாடம்னு ஒரு வசதி இருக்கு. அவர் இன்னொரு தடவை நடத்தி, பாடம் பிடிலைத் தாண்டிடுச்சுன்னா தீர்ப்பை மாத்தலாம்."

"தாண்டணுமே" என்றார் முதல்வர், கண்ணைத் துடைத்தபடி. "அந்தச் சர்ரைத் தாண்டணுமே."

அன்று மாலை மனைவி கடைசி நோயாளியை அனுப்பிவிட்டு உள்ளே வந்தார். பிறகு கை கழுவிக்கொண்டே கேட்டார். "பிடிலைக் கெடுத்தீங்க, அழுதாங்க. இல்லையா?"

"ஆமா."

"அப்ப பாடத்தையும் கெடுங்க."

மறுபாடத்தன்று விரிவுரையாளர் வகுப்புக்குள் நுழைந்து, யார் முகத்தையும் பார்க்காமல், "எழுதிக்கோங்க" என்றார். "கதவு. கதவின் பொருள், கதவின் பயன், கதவின் வகைகள். கதவு நான்கு வகைப்படும். திறந்த கதவு, மூடிய கதவு, பாதி திறந்த கதவு, மற்றும் இதர." கரும்பலகையில் ஒரு பெட்டி போட்டு, அதிலிருந்து நான்கு அம்புக்குறி இழுத்தார். இதர என்ற பெட்டியிலிருந்து மேலும் ஓர் அம்புக்குறி இழுத்து, அதை எங்கும் கொண்டுபோகாமல் விட்டார்.

பேனாக்கள் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. முன்வரிசை மாணவி எழுந்தாள். "சார், அந்தக் கதவு பூட்டியிருந்துச்சான்னு..."

"அது பாடத்திட்டத்துல இல்லை."

மாணவி பேனாவை மூடி வைத்தாள். "சார், உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று மெதுவாகக் கேட்டாள். விரிவுரையாளர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு, "காத்திருத்தலின் பயன்கள்" என்று எழுதினார்.

மணி அடித்த அதே நொடியில் வகுப்பு காலியானது. முதல்வர் பக்கவாட்டிலிருந்து தன்னை விடுவித்துக்கொண்டு எழுந்து, விரிவுரையாளரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"இவ்வளவு நாள் இதை எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க? நானும் ஒரு காலத்துல கவிதை படிச்சவன்தான். கதவுல இவ்வளவு வகை இருக்குன்னு ஒருத்தரும் எனக்குச் சொல்லலையே."

"சிரிப்பு பூஜ்யம்" என்றார் துறைத்தலைவி, கருவியைக் காட்டி. "மூச்சுச் சத்தம்கூடப் பதிவாகலை."

"அந்த இதர இருக்கு பாருங்க" என்றார் கண்காணிப்பாளர். அலுவலகத்தில் வாழ்நாளெல்லாம் அந்தச் சொல்லோடு வாழ்ந்தவர் அவர். இலக்கியத்திலும் அதற்கு இடம் உண்டு என்று தெரிந்ததில் நெகிழ்ந்துபோயிருந்தார்.

பாடம் பிடிலைத் தாண்டியது. தடையில்லாச் சான்றில் முத்திரை விழுந்தது. ஒரே ஒரு நிபந்தனை: கச்சேரியில் கல்லூரி ஊழியர் எவரும் கைதட்டக் கூடாது, தட்டினால், கல்லூரி அதைத் தொழிலாக ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். இதைக் கண்காணிக்கக் குழுவே நேரில் வரும்.

விரிவுரையாளர் சான்றை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு நேராக அந்த வகுப்பைத் தேடிப் போனார். அவர்கள் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார்கள். "எல்லாரும் உள்ள வாங்க. எழுதினதைக் கிழிச்சுப் போடுங்க" என்றார். "பூட்டியிருந்துச்சா இல்லையான்னு பார்த்துடலாம்." அன்றிலிருந்து தாழ்வாரத்தில் காலடிச் சத்தம் கேட்டால் அந்த வகுப்பில் யாராவது ஒருவர் சத்தமாக, "கதவு நான்கு வகைப்படும்" என்று படிப்பதும், சத்தம் கடந்து போனதும் சண்டை தொடர்வதும் வழக்கமாயிற்று.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் குழு. அதற்கு நேர் பின்னால் மனைவி. வழக்கமாக முழங்கை தெரியும் ஓரத்து நாற்காலியை விட்டுவிட்டு நடுவில் உட்கார்ந்திருந்தார். விரிவுரையாளர், முழுவதும் தேய்த்த சட்டையோடு, தூணுக்கு முன்னால் வந்து நின்றார்.

வில் இறங்கியது. அவர் நன்றாகவே வாசித்தார். பல வருடங்கள் தூணுக்குப் பின்னால் சேர்த்து வைத்ததெல்லாம் இறங்கி வந்தது. மண்டபம் அசையாமல் இருந்தது. முதல்வர் மட்டும் கொட்டாவி விட்டார்.

"அன்னைக்கு மாதிரி இல்லையே" என்று கிசுகிசுத்தார்.

"சாதாரணமாத்தான் இருக்கு ஐயா" என்றார் கண்காணிப்பாளர் நிம்மதியாக. "பொழுதுபோக்குதான். நாம கவலைப்பட வேண்டாம்."

தனி வாசிப்பு உச்சிக்கு ஏறியது. அந்த நீளமான சுரம் வந்தது. விரல் அதை எட்டிப் பிடித்தது. சாதகம் செய்ததை மறக்காத நல்ல விரல் அது. பிடித்த கையோடு, யாரையும் கேட்காமல், சர்ரென்று வழுக்கியது.

மனைவி கண்ணை மூடிக்கொண்டார்.

"இதான்" என்றார் முதல்வர், நாற்காலியிலிருந்து பாதி எழுந்து. "இதேதான்." அவருடைய இரண்டு கைகளும் படபடவென்று தட்டின. முன்வரிசையில் ஒரு பெரிய மனிதர் தட்டினால் அது தட்ட வேண்டிய இடமாகத்தான் இருக்கும் என்று நம்பி, மண்டபமும் தட்டியது. கண்காணிப்பாளர் முதல்வரின் மணிக்கட்டைப் பிடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. துறைத்தலைவியின் கருவி மடியிலிருந்து விழுந்து உருண்டது.

"ஐயா, நீங்க கை தட்டிட்டீங்க" என்றார் கண்காணிப்பாளர், முகம் வெளுத்து.

முதல்வர் தன் கைகளைப் பார்த்தார். பிறகு விரித்துக் காட்டினார். "கொசு அடிச்சேன். அப்படியே எழுதிக்கோங்க."

"மண்டபமே தட்டிச்சே, ஐயா."

"கொசு ஜாஸ்தி."

அப்படியே எழுதப்பட்டது. விரிவுரையாளரின் வேலை பிழைத்தது. கச்சேரி முடிந்ததும் இசைக்குழுத் தலைவர் அவர் தோளைத் தட்டினார். "வாத்தியாரே, அந்த வழுக்கலை எங்க பிடிச்சீங்க? ஜனங்க அசந்துட்டாங்க. அதை எடுத்துடாதீங்க. இனிமே தனி வாசிப்பு உங்களுதுதான்."

வீட்டுக்கு நடக்கும்போது மனைவி அவர் கையைக் கோத்துக்கொண்டார்.

"இன்னைக்கு முழுசாத் தெரிஞ்சீங்க."

"வாசிப்பு எப்படி இருந்துச்சு?"

"சட்டை நல்லா இருந்துச்சு."

மறுநாள் காலையில் விரிவுரையாளர் வயலினை எடுத்து, அந்த இடத்தைச் சரியாக வாசிக்கப் பார்த்தார். பிறகு மெதுவாக வாசித்துப் பார்த்தார். அதற்குப் பிறகு வாசித்த எல்லாக் கச்சேரிகளுக்கு முன்பும் அப்படிப் பார்த்தார்.

வழுக்கல் போகவில்லை.